பங்குனி முடிவதற்குள்

அது பங்குனியின் கடைசிச் செவ்வாயா புதனா என்று இப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. காலையில் நல்ல வெயில் அடித்ததாகத்தான் நினைவு. தூறல் இருந்தது என்று சொல்கிறவர்களும் சிலமலை ஊரில் உண்டு. ஆஸ்பத்திரியில் யார் முதலில் வாய் திறந்தார்கள் என்பதிலும் ஆளுக்கொரு கதை இருக்கிறது. ஆனால் பொன்னுமணிக்கு அன்றைக்கும் வலி வரவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

விழித்ததும் அவள் அசையாமல் படுத்திருந்தாள். இடுப்பில் ஏதாவது பிடிக்கிறதா, அடிவயிறு கனக்கிறதா என்று உள்ளே காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. பிள்ளை ஒரு தடவை புரண்டு படுத்தது. அவ்வளவுதான்.

"வந்துரு சாமி," என்றாள் வயிற்றைப் பார்த்து. "பங்குனி முடியறதுக்குள்ள வந்துரு."

அடுப்பருகில் இருந்த அவள் அம்மா அன்னக்கொடி திரும்பிப் பார்த்தாள். அன்னக்கொடி எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. மகள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்த்தாள், விறகைத் தள்ளி வைத்தாள்.

அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை இரண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும். புருஷன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை. தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது. போடியில் இருக்கும் மாமியார் ராமுத்தாய் இதில் கெட்டி. போன வருஷம் ஆனியில் அம்மன் பொங்கலுக்கு என்று சிலமலைக்கு வந்த பொன்னுமணி, ஆடி முடிகிறவரை இங்கேயே இருந்தாள். அவள் புருஷன் சுருளிவேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். சிலமலைப் பக்கம் தலைகாட்டமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தான். வாக்கு மாறவும் இல்லை.

ஆனால் பொன்னுமணி மலைக்குப் போனாள். ஆடி முடியப்போகிற சமயம், காய் எடுக்கக் கூப்பிட்டார்கள் என்று பொம்பளைகளோடு போடிக்குப் பஸ்ஸில் வந்து ஜீப்பில் ஏறினாள். ஓட்டிக்கொண்டிருந்தவன் சுருளிவேல். அன்று சாயங்காலம் போடிமெட்டுக்குக் கீழே கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. ஜீப்பில் போன லோடு முழுக்க மேலேயே தங்கியது. காய் வாட்டுகிற ஸ்டோரில் மட்டும்தான் கணப்பு இருந்தது.

ஆவணியில் போடிக்குத் திரும்பினாள். அதற்கடுத்த மாதம் வாந்தி எடுத்தபோது ராமுத்தாய் கேட்டாள், எப்போதிருந்து என்று. சுருளிவேல் வாசலில் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் பொன்னுமணி, "ஆனியிலயே நின்னுபோச்சு அத்த" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் எல்லோரும் மாதம் எண்ணினார்கள். அந்தக் கணக்குப்படி பிள்ளை பங்குனி பிறந்ததுமே பிறந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் முந்திப் பிறந்தால் எல்லாம் மூடிப்போகும். அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். குனிந்து வாசல் பெருக்கினாள். சீரகக் கஷாயம் குடித்தாள். வீங்கின காலோடு தெருவை அளந்தாள். பிள்ளைதான் யாருக்கும் பயப்படவில்லை.

குழாயடியில் குடத்தோடு நின்ற சந்திரவல்லி அன்றும் விடவில்லை. "என்ன பொன்னு, குடியிருக்கிற ஆளு வீட்டைக் காலி பண்ண மாட்டேங்கிறாரா?"

"எடம் வசதியா இருக்காம்க்கா."

"அது சரி. கணப்பான எடமா இருந்தா யாரு கெளம்புவா?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சந்திரவல்லியும் அன்றைக்கு அந்த ஜீப்பில் இருந்தவள். சிலமலையில் பாதிப் பேருக்குத் தெரியும். போடிக்குத்தான் தெரியாது.

பொன்னுமணி குடத்தைத் தூக்கப் போனபோது ராசிங்காபுரத்திலிருந்து வந்த பஸ் நின்றது. போடிக்குப் போகிற பஸ். அதற்கு எதிரே, போடியிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ராமுத்தாய் பையோடு இறங்கினாள்.

"கொடத்தைக் கீழ வையி," என்றாள் வந்ததும் வராததுமாக. "ஒங்காத்தாளைக் கூப்பிடு. வெரசாக் கெளம்பணும்."

"எங்கத்த?"

"டாக்டரம்மாகிட்டப் பேசிட்டேன். நாளு தாண்டிப்போச்சு, இனிமே வச்சிருந்தா பிள்ளைக்கு ஆகாதுன்னு அந்தம்மாவே சொல்லுது. ஊசி போட்டு வலி வர வச்சிரலாமாம். இன்னிக்கே."

பொன்னுமணியின் கை வயிற்றுக்குப் போனது. இத்தனை நாள் வலி வா வா என்று கூப்பிட்டவள்தான். ஆனால் அது தானாக வருவது வேறு.

"இன்னும் ரெண்டு நாளு பாக்கலாமே அத்த."

"ரெண்டு நாளு ரெண்டு நாளுன்னு சித்திரை பொறந்துரும்." ராமுத்தாயின் குரல் உயரவில்லை. அது எப்போதும் உயராது. "கெளம்பு தாயி."

*

ஜெயபாக்கியம் டாக்டரின் ஆஸ்பத்திரி போடியில் மாடியில் இருந்தது. கீழே அவர் அண்ணன் சத்தியநேசனின் ஏலக்காய்க் கிட்டங்கி. அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். சல்லடை ஆட்டுகிற சத்தம் நாள் முழுக்கப் படியேறி வரும். மருந்து வாடையை ஏலக்காய் வாசம் மூடிவிடும். பிள்ளை பெற வருகிறவர்களுக்கு அந்த வாசத்தில் கொஞ்ச நேரம் கல்யாண வீட்டுக்கு வந்தாற்போல இருக்கும். பிறகு இருக்காது.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குழல் வைத்துக் கேட்டார். மறுபடி தொட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"தலை இன்னும் எறங்கவே இல்லையே. நாள் தாண்டின வயிறு மாதிரியும் தெரியல." அவர் பொன்னுமணியைப் பார்த்தார். "ஆனிதானே சொன்னே? நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஆனிதேன்," என்றாள் ராமுத்தாய்.

"நான் அவளைக் கேட்டேன்மா."

நர்ஸ் பாட்டிலை மாட்டுகிற கம்பியை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. பொன்னுமணி கட்டிலில் படுத்தபடி அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களை நர்ஸ் முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு நரம்பு தேடினாள்.

உள்ளே பிள்ளை கால் நீட்டியது. விலா எலும்பில் பட்டது. இன்னும் நாள் வேண்டும் என்று கேட்கிறதா, வேண்டாம் என்று சொல்கிறதா, அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கு என்று ஒரு நாள் இருக்கிறது. அந்த நாள் இது இல்லை. அது இந்த அறையில் அவள் ஒருத்திக்கும், சுவரோடு நிற்கிற அவள் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பொன்னுமணி கையை இழுத்துக்கொண்டாள்.

"ஊசி வேண்டாம்."

"என்னாத்துக்கு வேண்டாங்கிற?" என்றாள் ராமுத்தாய்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரும் கை கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

"நாளு தாண்டல. இது ஆனிப் பிள்ளை இல்ல. ஆடிப் பிள்ளை. நான் பொய் சொன்னேன்."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். கீழே சல்லடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ராமுத்தாய் கட்டிலுக்கு அருகில் வந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "ஆடி முழுக்க எம்மகன் சிலமலைக்குப் போகல. எங்கிட்டச் சத்தியம் பண்ணிருக்கான். அப்ப இது..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லி முடிங்க அத்த," என்றாள் பொன்னுமணி.

"நான் ஒண்ணும் சொல்லல."

"பாதி சொல்லிட்டீக. மீதியையும் நீங்களே சொல்லுங்க. பெறகு ஊரு சொல்லுச்சுன்னு சொல்லக் கூடாது."

இப்போது சல்லடை நின்றுவிட்டது. கீழே இருந்தவர்கள் கையை எடுத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"நான் மலைக்குக் காயெடுக்கப் போனேன். ஒங்க மகன்தேன் வண்டி ஓட்டுனாக. ரோடு அடைச்சுக்கிருச்சு. மேல தங்குனோம். என் புருஷன்கூடத்தேன் தங்குனேன். அதுக்கு நான் யாருகிட்டயும் தலைகுனிய மாட்டேன்."

"ஆடியில மலைக்குப் போனியா? யாரைக் கேட்டுப் போன?"

"நாந்தேன் போகச் சொன்னேன் மதினி."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது அன்னக்கொடி. தன் குரல் தனக்கே புதிதாக இருந்தாற்போல அவள் ஒரு நிமிஷம் நின்றாள்.

"ஆடிப் பெருக்கன்னிக்கு இவ ஒதுங்கித்தேன் உக்காந்திருந்தா. சித்திரான்னத்தை நாந்தேன் தட்டுல வச்சு வெளிய கொண்டாந்து குடுத்தேன். ஆனியில நிக்கலைங்கறது அன்னிக்கே எனக்குத் தெரியும். கஷாயத்தையும் கொடுத்துக்கிட்டு, வாயையும் மூடிக்கிட்டு இருந்தேன்." அவள் மகளைப் பார்க்காமல் சொன்னாள். "கஷாயத்துல தண்ணிதேன் கூட. சீரகம் பேருக்குப் போட்டேன்."

பொன்னுமணி அம்மாவைப் பார்த்தாள். இத்தனை நாள் குடித்தது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஜெயபாக்கியம் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கம்பியை வெளிய கொண்டுபோ," என்றார் நர்ஸிடம். பிறகு பொன்னுமணியிடம், கோபமாகவே சொன்னார்: "இன்னும் அரை மணி நேரம் பேசாம இருந்திருந்தா, நான் மாசம் நெறையாத பிள்ளையை எடுத்திருப்பேன். மாசக் கணக்குல எங்கிட்டப் பொய் சொல்லாதே. வேற எதுல வேணா சொல்லு."

"இனிமே சொல்லமாட்டேங்கம்மா."

"போய்ட்டு வா. தானா வலி வரும்போது வா. வரும்."

ராமுத்தாய் அசையவில்லை. "அவன் வரட்டும்," என்றாள். "எம்மகன் வாயால கேக்கணும்."

*

மெட்டிலிருந்து வருகிற ஜீப்புகள் அந்தத் தெருவில்தான் ஆள் இறக்கும். கிட்டங்கி வாசலில் மூட்டைகள் கிடந்தன. மூன்று பேரும் அதில் உட்கார்ந்தார்கள். பொன்னுமணி நடுவில் இல்லை; ஓரத்தில், சுவரில் முதுகு சாய்த்து இருந்தாள். வெயில் தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. கிட்டங்கிப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பொன்னுமணி குடித்தாள். ராமுத்தாய் குடிக்கவில்லை.

அவன் இல்லை என்று சொல்லிவிட்டால்?

பொன்னுமணி அதை நினைத்துப் பார்த்தாள். சுருளிவேல் கெட்டவன் இல்லை. மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் பயப்படமாட்டான். அம்மா எதிரே வந்தால் பயப்படுவான். போகலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை பொய்யாகவும் இருக்காது. சிலமலைக்கு அவன் போகவில்லைதான்.

சொன்னால் சொல்லட்டும். பிள்ளையோடு சிலமலையில் இருந்துகொள்வேன். களையெடுப்பேன், காயெடுப்பேன். அந்த ஜீப்பில் மட்டும் ஏறமாட்டேன். நடந்தே மலையேறுவேன்.

முடிவு செய்தபிறகு மூச்சு நன்றாக வந்தது.

"எனக்குச் சித்திரையிலதேன் பொறந்துச்சு," என்றாள் ராமுத்தாய் திடீரென்று, தெருவைப் பார்த்தபடி. "மொதப் பிள்ளை. அந்த வருசமே எம்மாமனார் போய்ச் சேந்தாரு. எல்லாரும் என்னையத்தேன் பாத்தாக. பிள்ளைய யாரும் தூக்கல. நானும் பயந்துக்கிட்டு... சரியாத் தூக்கல. அதும் தங்கல. ஒன்னையும் அப்பிடிப் பாப்பாகன்னுதேன் நான் ஓடி ஓடி அலையறேன். நீ என்னமோ நான் எதிரிங்கிற மாதிரிப் பேசுற."

பொன்னுமணி மாமியார் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இது தெரியாது. சுருளிவேலுக்கும் தெரியாது, அவன் தன்னைத்தான் தலைப்பிள்ளை என்று நினைத்திருந்தான்.

"ஒங்களை அப்பிடிப் பாத்தப்ப நீங்க ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கலையா அத்த?"

"எங்கிட்டுக் கேக்க?"

"நீங்க அன்னிக்குக் கேட்டிருந்தா நான் இன்னிக்குக் கேக்க வேண்டியிருக்காது." கடுமையாகத்தான் சொன்னாள். பிறகு கொஞ்சம் இறங்கி, "என்ன பேரு வச்சீக?" என்றாள்.

ராமுத்தாய் வாயைத் திறந்தாள். உதடு ஒரு எழுத்துக்குக் கூடியது. அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது.

ஜீப் வந்து நின்றது. பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு பொம்பளைகள், தலையில் துண்டும் கையில் தூக்குச் சட்டியுமாக. பேச்சும் சிரிப்புமாக வந்தவர்கள் மூட்டையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்ததும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை.

சுருளிவேல் இறங்கினான். முதலில் பொன்னுமணியின் வயிற்றைப் பார்த்தான். "வலி வந்துருச்சா?"

"வரல," என்றாள் ராமுத்தாய். "இங்க பாரு. ஆடியில நீ சிலமலைக்குப் போனியா?"

"போகல ஆத்தா."

அவன் அதைப் பழக்கத்தில் சொன்னான். சொன்னபிறகுதான் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது அவனுக்குப் புரிய ஆரம்பித்தது. அம்மா முகத்தைப் பார்த்தான். அன்னக்கொடியைப் பார்த்தான். பொன்னுமணி அவனுக்கு எந்த ஜாடையும் காட்டவில்லை. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தெருவில் போகிற யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

எஞ்சின் அணைத்தும் சூட்டில் டிக் டிக் என்றது. அவன் பானெட்டில் கை வைத்தான், சுட்டது, எடுத்துக்கொண்டான்.

"சிலமலைக்குப் போகல. ஆனா மண்ணு சரிஞ்சு மேல தங்குனமே, அன்னிக்கு லோடுல இவ இருந்தா. அன்னிக்கு அது என் லோடே இல்ல. பெரியகருப்பண்ணன் வண்டி போகவேண்டியது. நாந்தேன் அவருகிட்டக் கெஞ்சி மாத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். இவளைப் பாக்கணும்னுதேன் போனேன். ரோடு அடைச்சது வேணா தற்செயலு." அவன் அம்மாவை நேராகப் பார்த்தான். "என் பிள்ளைதேன் ஆத்தா. ஆடிப் பிள்ளைதேன்."

ஜீப்புக்குள்ளிருந்து முத்துப்பேச்சி, சிலமலைக்காரி, செருமினாள்.

"அன்னிக்கு எங்களுக்கெல்லாம் கம்பளி பத்தல மதினி," என்றாள். "இவுக ரெண்டு பேரும்தேன் ஒண்ணு போதும்னு மத்ததை எங்ககிட்டக் குடுத்தாக. நல்ல மனசு."

ஜீப் குலுங்கியது. உள்ளே அத்தனை பேரும் சிரிப்பை அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் போனார்கள். கிட்டங்கிக்குள்ளும் யாரோ சிரித்தார்கள். சுருளிவேல் கழுத்துவரை கறுத்துப்போய் நின்றான்.

பொன்னுமணி சிரிக்கவில்லை. "இதைப் புரட்டாசியிலயே சொல்லியிருந்தா நான் இத்தனை கஷாயம் குடிச்சிருக்க வேண்டாம்," என்றாள் புருஷனிடம். "என் கையில ஊசி குத்தவும் வந்திருக்க மாட்டாக."

"தப்புத்தேன்."

"ஆமா. தப்புத்தேன்." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மாமியாருக்கு நேராக நின்றாள். வயிறு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. "சித்திரையில பொறக்கட்டும் அத்த. நடுச் சித்திரையிலயே பொறக்கட்டும். இதை எல்லாரும் தூக்குவாக. தூக்காதவுக முன்னால நான் தூக்கிக்கிட்டு நடப்பேன். யாரு என்ன சொல்றாகன்னு பாப்போம்."

ராமுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். கொண்டுவந்த பை மூட்டையருகிலேயே இருந்தது. சுருளிவேல், "ஆத்தா" என்று கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை.

*

அன்று பொழுது அடங்கும்போது அவரவர் இருந்த இடம் இது.

ஜெயபாக்கியம் டாக்டர் பொன்னுமணியின் சீட்டில் ஆனியை அடித்துவிட்டு ஆடி என்று எழுதினார். முத்துப்பேச்சியும் மற்றவர்களும் சிலமலையில் இறங்கினார்கள். விளக்கு வைப்பதற்குள் விஷயம் ராசிங்காபுரம் வரை போய்விட்டது. அன்னக்கொடி ராமுத்தாய் விட்டுப்போன பையைப் பிரித்தாள். அதிலிருந்த கஷாயச் சரக்கை எடுத்து மாட்டுக்கொட்டகை ஓரம் கொட்டினாள். பையின் அடியில் பழைய பருத்திச் சேலையில் கிழித்து, துவைத்து, மடித்த துணிகள் இருந்தன, பிறக்கப்போகிற பிள்ளைக்கு. அதை மட்டும் பெட்டியில் வைத்தாள்.

எல்லோரையும் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சுருளிவேல் போடிக்குத் திரும்பினான். வீடு பூட்டியிருந்தது. சாவி எப்போதும் வைக்கிற நிலைப்படி மேலேயே இருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டான். ராமுத்தாய் வந்ததையே யாரும் பார்க்கவில்லை என்றார்கள். அவன் விளக்கை ஏற்றாமல், அம்மாவைத் தேடி மறுபடி ஜீப்பைக் கிளப்பினான்.

பொன்னுமணி சிலமலையில், தன் வீட்டில், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பிள்ளை புரண்டது. வலி வரவில்லை. அவள் அதைக் கூப்பிடவும் இல்லை.